வரி ஏலமும் மீட்பும்: ஒரு சிறு நூல்

பாயிரம்

இந்நூல் நுதலிய பொருள், சொத்து வரி பாக்கிக்காக ஒரு வீட்டை நீதிமன்ற ஆணையின்பேரில் ஏலம் விடுவதும், அப்படிக் கைமாறும் வீட்டை உடையவர் மீட்டுக்கொள்வதும் ஆகும். எல்லை, அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆகவே டெக்சாஸை முதல் மாதிரியாகக் கொண்டு, மின்னசோட்டா, மிச்சிகன், ஆர்கன்சா, வர்ஜீனியா ஆகியவற்றை வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். வழி, சட்டங்களும் தீர்ப்புகளும். கேட்போர், சொந்த வீடு வைத்திருக்கும் எவரும். குறிப்பாக ஹூஸ்டன், டல்லஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள். பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். வரி வசூலிப்பது தவறு என்று இந்நூல் சொல்லவில்லை. அமெரிக்காவில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம், தீயணைப்பு, தெருச்சாலை எல்லாம் பெரும்பாலும் சொத்து வரியை நம்பி நடப்பவை. ஒருவர் கட்டாவிட்டால் அந்தச் சுமை கட்டுகிற அண்டைவீட்டாரின் தலையில் விழும். ஆகவே வசூலிக்கத்தான் வேண்டும். வேறு வழியில்லாதபோது வீட்டை விற்றும் வசூலிக்கலாம். ஆனால் அரசுக்கு உரியது வரியும் அதை வசூலித்த செலவுமே. அதற்கு மேலுள்ளது அனைத்தும் வீட்டுக்காரருடையது. அறிவிப்பு, தீர்ப்பு, ஏலம், மீட்பு, மிகுதி என்னும் படிகள் யாவும் இந்த ஒரு நெறியைக் காக்கவே ஏற்பட்டவை. எந்தப் படி அதைக் காக்கத் தவறுகிறதோ அங்கே சட்டம் திருந்த வேண்டும்.

நூற்பா 1: வரி மண்ணைப் பற்றும், கை மாறினும் விடாது.

உரை: டெக்சாஸில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று, அந்த ஆண்டின் வரித்தொகை இன்னும் கணக்கிடப்படாத நிலையிலேயே, வரிக்கான வில்லங்கம் சொத்தின்மேல் ஏறிவிடுகிறது. ஒரே வீட்டுக்குக் கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் எனப் பலர் வரி விதிப்பார்கள். அந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. அதனால் வீட்டின்மேல் விழும் வரி கனமானது.

இந்த வில்லங்கத்துக்கு இரண்டு தன்மைகள் உண்டு. ஒன்று, வீட்டை விற்றாலும் அது வீட்டோடு போகும். மற்றது, அது எல்லாக் கடனுக்கும் முந்தியது. வங்கி இருபது ஆண்டுக்கு முன் அடமானம் பதிந்திருந்தாலும் இந்த ஆண்டு வரி அதைத் தாண்டி முன்னால் நிற்கும். வரிக்காக வீடு ஏலம் போனால் அடமானம் அழிந்துபோகக்கூடும் என்பதால்தான் வங்கிகள் மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் சேர்த்து வாங்கி, எஸ்க்ரோ கணக்கில் வைத்துத் தாமே கட்டுகின்றன. கடன் இருக்கும்வரை வரி மறந்துபோவதில்லை. கடன் முடிந்த மாதத்திலிருந்து அந்தப் பொறுப்பு வீட்டுக்காரரிடம் வந்துசேர்கிறது. மூன்றாம் நூற்பாவில் சொல்லும் வழக்கின் விதை இங்கேதான் இருக்கிறது.

நூற்பா 2: பாக்கி தானே வளரும், அதன் வளர்ச்சிக்கு நாள் குறித்திருக்கும்.

உரை: டெக்சாஸில் ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி 1 அன்று 6 சதவீதத் தண்டமும் 1 சதவீத வட்டியும் சேரும். அதன்பின் மாதந்தோறும் தண்டத்தில் ஒன்று, வட்டியில் ஒன்று. ஜூலை 1 அன்று தண்டம் ஒரேயடியாக 12 சதவீதமாகும். அதற்குள் வட்டி 6. அதே நாளில் பாக்கி வழக்கறிஞரிடம் போனால், வசூல் செலவாக மொத்தத்தின்மேல் 20 சதவீதம்வரை கூடலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 6,000 டாலர் வரி. பிப்ரவரியில் அது 6,420. ஜூலையில் 7,080. வசூல் செலவும் முழுதாகச் சேர்ந்தால் 8,496. ஐந்து மாதத் தாமதத்துக்கு 2,496 டாலர் கூடுதல். ஜனவரியில் 6,000 இல்லாதவரிடம் ஜூலையில் 8,496 இருக்க வாய்ப்பு குறைவு. தண்டம் என்பது வசதி இருந்தும் கட்டாதவரை அசைக்க ஏற்பட்டது. வசதி இல்லாதவருக்கு அது கடனை எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

சட்டம் இதை உணராமல் இல்லை. தாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஒருவர் தவணை கேட்டால், முந்தைய இரண்டு ஆண்டுகளில் அப்படி ஒப்பந்தம் செய்திராதவரை, வசூல் அலுவலர் கொடுத்தே ஆகவேண்டும். குறைந்தது 12 மாதம், அதிகம் 36 மாதம். 65 வயது நிறைந்தவரும் உடற்குறை உள்ளவரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் அவர் அந்த வீட்டில் வாழும்வரை வரி வசூல் தள்ளிவைக்கப்படும். வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம் மட்டுமே. வழக்கு தொடுத்த பிறகும், ஏலத்துக்கு ஐந்து நாள் முன்புவரைகூட, இந்தப் பத்திரத்தைக் கொடுத்து ஏலத்தை நிறுத்தலாம். நல்ல சட்டம். ஆனால் இரண்டுமே கேட்டால்தான் கிடைப்பவை. கேட்கலாம் என்று தெரியாத முதியவருக்கு அவை ஏட்டில் மட்டும் இருக்கின்றன.

நூற்பா 3: அறிவிப்பு, அவர் அறிவதற்கே, அனுப்பியதாகக் காட்டுவதற்கு அன்று.

உரை: ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒருவர் 1967இல் வீடு வாங்கினார். முப்பது ஆண்டு தவணை கட்டினார். வரியை அடமான நிறுவனமே செலுத்தியது. 1993இல் மனைவியைப் பிரிந்து அதே ஊரில் வேறு குடியிருப்புக்குப் போனார். மனைவி பழைய வீட்டில் இருந்தார். 1997இல் கடன் அடைந்தது. அன்றிலிருந்து வரி கட்ட ஆளில்லை. 2000இல் மாநில அரசு பதிவுத் தபால் அனுப்பியது. வீட்டில் கையெழுத்திட்டு வாங்க யாரும் இல்லாததால் அது கேட்பாரின்றித் திரும்பிவந்தது. அரசு செய்தித்தாளில் விளம்பரம் போட்டது, பின்னர் இன்னொரு பதிவுத் தபால் அனுப்பியது, அதுவும் திரும்பியது. சுமார் 80,000 டாலர் மதிப்புள்ள வீடு 21,042.15 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் காலிசெய்யச் சொல்லி அனுப்பிய அறிவிப்பு மகள் கையில் கிடைத்து, அவர் சொல்லித்தான் தந்தைக்கு விஷயமே தெரிந்தது.

அவர் தொடுத்த ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் என்ற வழக்கில் 2006ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். தபால் திரும்பி வந்துவிட்டது என்று அரசுக்குத் தெரிந்த பிறகு, நடைமுறையில் இயலக்கூடிய வேறு வழிகளை அது முயன்றிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கையெழுத்து வேண்டாத சாதாரணத் தபாலில் போடலாம். வீட்டுக் கதவில் ஒட்டலாம். குடியிருப்பவர் என்று முகவரியிட்டு அனுப்பலாம். மூன்றும் எளிய வேலைகள். மூன்றையும் செய்யாமல் ஒரு குடும்பத்தின் வீட்டை எடுப்பது முறையன்று.

இதற்கு முன்பே, 1983இல், மெனனைட் வாரியம் எதிர் ஆடம்ஸ் வழக்கில் அடமானம் வைத்திருப்பவருக்கும் நேரடி அறிவிப்பு வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. செய்தித்தாளின் ஓரத்தில் சிறு எழுத்தில் வரும் பட்டியல் மட்டும் போதாது.

தடை: முகவரி மாறினால் சொல்லவேண்டியது வீட்டுக்காரர் கடமை அல்லவா? அந்த மனிதர் வரி கட்டாததும் அவர் தவறுதானே?

விடை: ஆம், இரண்டும் அவர் தவறு. நீதிமன்றமும் அதை மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்தவருக்கும் தன் வீடு போகப்போகிறது என்று அறியும் உரிமை உண்டு. அறிவிப்பு என்பது நல்லவருக்குக் கொடுக்கும் பரிசு இல்லை. எல்லோருக்கும் பொதுவான காப்பு.

நூற்பா 4: விற்கச் சொல்வது தீர்ப்பு, விற்பவர் தீர்ப்பின் கை.

உரை: கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வரி அதிகாரியே, வழக்குத் தொடுக்காமல், குறித்த ஆண்டுகள் கழிந்தபின் விற்கலாம். டெக்சாஸில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கவேண்டும். வீட்டுக்காரர், அடமானதாரர், அதே சொத்தில் வரி பாக்கி உள்ள மற்ற அமைப்புகள் என எல்லோரும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள். உடையவர் யார், எங்கே என்று தெரியாமல் விளம்பரம் மூலம் அழைப்பாணை கொடுத்தால், அவர் சார்பில் பேச நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை அமர்த்தும். தாத்தா பெயரிலேயே பத்திரம் கிடந்து, பேரப்பிள்ளைகள் நாலா பக்கமும் சிதறிப்போன நிலங்களுக்கு இந்த ஏற்பாடு இன்றியமையாதது.

தீர்ப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, வரி, தண்டம், வட்டி, செலவு எல்லாம் சேர்ந்த பாக்கி. மற்றது, அந்தச் சொத்தின் சந்தை மதிப்பு. பின்னால் வரும் ஏலத்துக்கு இவ்விரண்டும் அடிப்படை.

வீட்டுக்காரர் இங்கே என்ன சொல்லலாம்? கட்டிவிட்டேன், ரசீது இதோ என்று காட்டலாம். இது என் நிலமே அன்று, இந்த ஊர் எல்லைக்குள்ளேயே வராது என்று வாதிடலாம். ஆனால் மதிப்பீடு கூடுதல் என்ற வாதம் இங்கே ஏறாது. அதற்கான இடம் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியம். அங்கே உரிய காலத்தில் முறையிட்டிருக்க வேண்டும். பலர் இதை வழக்கு மன்றத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். மதிப்பீட்டு அறிவிப்பில் மதிப்பு தவறென்று தோன்றினால் வசந்த காலத்திலேயே முறையிடுவது ஒன்றே வழி.

நூற்பா 5: ஏலம் கடனை நோக்கியது, விலையை நோக்கியது அன்று.

உரை: டெக்சாஸில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏல நாள். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே, கவுண்டி நீதிமன்ற வளாகத்தில் ஷெரிஃபோ கான்ஸ்டபிளோ ஏலம் விடுவார். இப்போது சில கவுண்டிகள் இணையவழியிலும் நடத்துகின்றன. ஏலம் கேட்பவர் அந்தக் கவுண்டியில் தமக்கு வரி பாக்கி இல்லை என்ற சான்றைக் காட்டவேண்டும். தொடக்க விலை, தீர்ப்பில் உள்ள இரண்டு எண்களில் எது குறைவோ அது. அந்த அளவுக்குக்கூட யாரும் கேட்காவிட்டால் சொத்து வரி விதித்த அமைப்பின் பெயருக்கே எழுதப்பட்டு, பிறகு மறுவிற்பனைக்கு வரும்.

இத்தகைய ஏலத்தில் வீடு சந்தை விலைக்குப் போவதில்லை. காரணங்கள் வெளிப்படை. வாங்குபவர் வீட்டின் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. கூரை ஒழுகுமா, அடித்தளம் விரிந்திருக்குமா என்பது தெரியாது. வங்கிக் கடனுக்குக் காத்திருக்க நேரமில்லை. பணம் உடனே கட்டவேண்டும். கிடைக்கும் பத்திரத்தில் உரிமைக்கு உத்தரவாதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய உடையவர் வந்து மீட்டுக்கொள்ளும் உரிமை தலைக்கு மேலேயே நிற்கிறது. இத்தனை ஐயங்களையும் வாங்குபவர் விலையில் கழித்துக்கொள்கிறார். அந்தக் கழிவு வீட்டுக்காரரின் இழப்பு.

தடை: அப்படியானால் மீட்புரிமையே விலையைக் குறைக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஏலத்தில் நல்ல விலை வருமே, மிகுதியும் கூடுமே?

விடை: பொருளியல் கணக்கில் இது உண்மை. ஆனால் விற்கப்படுவது குடியிருக்கும் வீடு. அதன் விலை கூடுவதைக் காட்டிலும் அது திரும்பக் கிடைப்பதே குடும்பத்துக்குப் பெரிது. டெக்சாஸ் இந்த மோதலைத் தீர்க்க வாங்கியவருக்கு ஓர் ஊக்கத்தொகையை வைத்தது. அடுத்த நூற்பா அதைப் பற்றியது.

நூற்பா 6: மீட்பு இருவகை: விற்குமுன் மீட்பது, விற்றபின் மீட்பது.

உரை: முதல் வகைக்கு மின்னசோட்டா மாதிரி. வரி நின்றதும் அடுத்த ஆண்டு கவுண்டி தீர்ப்பு வாங்குகிறது. மாநிலத்துக்கு வரம்புக்குட்பட்ட உரிமை வருகிறது. அதன்பின் பொதுவாக மூன்று ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் வீட்டுக்காரர் அதே வீட்டில் வாழலாம். பாக்கியை அரசிடம் கட்டினால் தீர்ந்தது. மூன்று ஆண்டு கழிந்தால் முழு உரிமையும் மாநிலத்துக்குப் போகும். வரிக்கடனும் அத்தோடு தீரும். மிச்சிகனும் இந்த வகையே. வரி நின்ற மூன்றாம் ஆண்டில் சுற்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். மார்ச் 31க்குள் கட்டாவிட்டால் வீடு கவுண்டிக்கு. விற்பனை அதற்குப் பிறகுதான். அப்போது மீட்பு இல்லை.

இரண்டாம் வகைக்கு டெக்சாஸ் மாதிரி. அங்கே மீட்புரிமையை மாநில அரசமைப்புச் சட்டமே காக்கிறது. உடையவர் குடியிருந்த வீடு, விவசாய நிலம், கனிம உரிமை ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டு. மற்றவற்றுக்கு 180 நாள். வாங்கியவரின் பத்திரம் பதிவான நாளிலிருந்து கணக்கு. வாங்கியவர் இதற்கிடையே சொத்தைத் தம் வசம் எடுத்துக்கொள்ளலாம். மீட்பு காலம் என்பதால் பழையவர் அங்கேயே இருக்கலாம் என்று பொருளில்லை.

மீட்கும் தொகை இப்படி: வாங்கியவர் ஏலத்தில் கொடுத்த விலை, பதிவுக் கட்டணம், பின்னர் அவர் கட்டிய வரி, நியாயமான பராமரிப்புச் செலவு, இவற்றின் கூட்டுத்தொகைமேல் முதல் ஆண்டில் 25 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 50 சதவீதமும் கூடுதல். இது வட்டி அன்று. பத்திரம் பதிவான மறுநாளே மீட்டாலும் 25 முழுதாக உண்டு.

ஒரு கணக்கு. பாக்கி 20,000 டாலர். வீடு 60,000க்கு ஏலம் போனது. மற்றச் செலவுகளை விட்டுவிடுவோம். முதல் ஆண்டில் மீட்க 75,000 வேண்டும். இரண்டாம் ஆண்டில் 90,000. ஏலத்தில் வந்த மிகுதி 40,000 வீட்டுக்காரருடையதே. அதைக் கழித்தால் அவர் கையிலிருந்து போவது முதல் ஆண்டில் 35,000. அதாவது 20,000 கடனும், 15,000 மீட்பின் விலையும். ஆனால் அந்த 40,000 நீதிமன்ற எழுத்தரிடம் இருக்கிறது. மனுப் போட்டு, உத்தரவு வாங்கித்தான் எடுக்கமுடியும். ஏலத்துக்கு முந்திய நாள் 20,000 இல்லாதவர், மறுநாளிலிருந்து 75,000 புரட்டவேண்டும். எனவே விற்றபின் மீட்பு என்பது பெரும்பாலும் உறவினரோ வேறு வங்கியோ கைகொடுத்தால் மட்டும் நடப்பது. என் துணிபு, மின்னசோட்டாவின் மூன்று ஆண்டு முறைதான் குடும்பங்களுக்கு மெய்யான வாய்ப்பு. அங்கே எதிரில் இருப்பது அரசு, கேட்பது கடன், வாழ்வது சொந்த வீட்டில்.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் வீட்டை ஏலம் விடாமல் வரி வில்லங்கத்தையே ஏலம் விடுகின்றன. வட்டி 18 சதவீதத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். மீட்காவிட்டால் வில்லங்கத்தை வாங்கியவர் நீதிமன்றம் போவார்.

நூற்பா 7: கொடுக்க வந்த கையைத் தட்டலாகாது.

உரை: வாஷிங்டன் நகருக்கு எதிர்க்கரையில், வர்ஜீனியாவில், ஆர்லிங்டன் தேசியக் கல்லறை இருக்கிறது. உலகறிந்த அந்த இடம் ஒரு வரி ஏலத்தில் போன பண்ணை. உள்நாட்டுப் போரின்போது, 1862இல், கிளர்ச்சிப் பகுதிகளில் நேரடி வரி வசூலிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆர்லிங்டனுக்கு விழுந்த வரி 92.07 டாலர். அதன் உரிமையாளர் மேரி கஸ்டிஸ் லீ, தென்படைத் தளபதி ராபர்ட் லீயின் மனைவி. நோயாளியான அவர் போர்க்களத்தின் மறுபக்கத்தில் இருந்தார். உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்து அனுப்பினார். உடையவர் நேரில் வந்தால்தான் வாங்குவோம் என்று வரி ஆணையர்கள் மறுத்தார்கள். 1864 ஜனவரி 11 அன்று ஏலம் நடந்தது. 34,100 டாலராக மதிப்பிடப்பட்ட பண்ணையை 26,800 டாலருக்கு அரசே எடுத்தது. சில மாதங்களில் வீரர்களை அங்கே அடக்கம் செய்யத் தொடங்கினர்.

இந்த நேரில்-வருக விதியை உச்ச நீதிமன்றம் 1869இல் பென்னட் எதிர் ஹன்டர் வழக்கிலேயே ஏற்க மறுத்தது. உடையவர் சார்பில் வேறொருவர் கொண்டுவந்தாலும் அது கட்டியதாகவே கொள்ளப்படும் என்றது. பின் 1882இல், மேரியின் மகன் கஸ்டிஸ் லீ தொடுத்த வழக்கில், 5–4 என்ற கணக்கில் ஆர்லிங்டன் அவருக்கே உரியது என்று தீர்ந்தது. அவ்வளவு கல்லறைகளையும் தோண்டி எடுக்க யாரும் விரும்பவில்லை. 1883இல் அரசு 1,50,000 டாலர் கொடுத்து முறைப்படி வாங்கியது.

உடையவர் நேரில் வரவில்லை என்பதால் 92 டாலரை வாங்க மறுத்த அரசு, தன் நீதிமன்றத்தாலேயே திருத்தப்பட்டு, நல்ல விலை கொடுத்தது. இதனால் பெறப்படும் விதி: மீட்புத் தொகை யார் கையிலிருந்து வந்தாலும் அது மீட்பே. வாங்கியவர் ஒளிந்துகொண்டாலும் மீட்பு நிற்காது. டெக்சாஸ் சட்டம் இதை எண்ணியே, ஏலம் எடுத்தவரைத் தேடியும் காணாவிட்டால் கவுண்டி வரி அலுவலரிடம் பணத்தைக் கட்டி மீட்கலாம் என்கிறது.

நூற்பா 8: கடன்போக எஞ்சியது உடையவருக்கே.

உரை: இந்த நெறி பழையது. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில், இறந்தவர் மன்னருக்குப் பட்ட கடனுக்காக ஷெரிஃப் அவர் பொருளை எடுக்கலாம், கடன் தீர்ந்தபின் மிச்சம் அவர் உயிலை நிறைவேற்றுபவரிடம் சேரவேண்டும் என்று விதி இருக்கிறது. அடமான வங்கி வீட்டை விற்றாலும் மிகுதியைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் பல மாநிலங்கள் தம் வரிக்கு மட்டும் இந்த நெறியிலிருந்து விலக்கு எடுத்துக்கொண்டன. மின்னசோட்டா 1935இல் அப்படி எடுத்துக்கொண்டது.

மிச்சிகனில் ஒரு நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வரியில் 8.41 டாலர் குறைந்தது. தண்டமும் செலவும் சேர்ந்து 285.81 ஆனது. ஓக்லண்ட் கவுண்டி அந்தச் சொத்தை 24,500 டாலருக்கு விற்று முழுவதையும் வைத்துக்கொண்டது. ரஃபாயெலி எதிர் ஓக்லண்ட் கவுண்டி வழக்கில் 2020 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் மிகுதி உடையவருக்கே என்று தீர்த்தது.

மூன்றாண்டு கழித்து அதே கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. டைலர் எதிர் ஹெனெபின் கவுண்டி. மினியாபொலிஸில் ஒரு படுக்கையறைக் குடியிருப்பை வைத்திருந்த மூதாட்டி, 2010இல் முதியோர் குடியிருப்புக்கு மாறினார். 2015க்குள் வரி பாக்கி சுமார் 2,300 டாலர். தண்டமும் வட்டியும் சுமார் 13,000. கவுண்டி அந்த வீட்டை 40,000க்கு விற்றது. மிகுந்த 25,000த்தைத் திருப்பித் தரவில்லை. 2023 மே 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து மூதாட்டியின் பக்கம் நின்றார்கள். அப்போது அவருக்கு வயது 94. இழப்பீடின்றித் தனியார் சொத்தை எடுக்கலாகாது என்னும் ஐந்தாம் திருத்தத்துக்கு இது மாறானது என்பது தீர்ப்பு. கடனைவிட அதிகம் எடுப்பது வரி வசூல் ஆகாது, அது பறிமுதல்.

தடை: அவர் வரி கட்டாமல் விட்டது அந்த வீட்டைக் கைவிட்டதற்குச் சமம் அல்லவா? மேலும் அதன்மேல் வேறு கடன்களும் இருந்தனவே?

விடை: இரண்டையும் கவுண்டி வாதிட்டது, நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. வரி கட்டத் தவறுவது கைவிடுதல் ஆகாது. வேறு கடன் இருந்தாலும் அந்த 25,000 அதையாவது குறைத்திருக்கும். அதுவும் அவர் நன்மையே.

தீர்ப்பு வந்தது, சட்டங்கள் திருந்தின. ஆனால் நெறி கிடைத்த இடத்திலும் பணம் கிடைப்பது படிவத்தைப் பொறுத்தது. மிச்சிகனில் மார்ச் 31 அன்று வீட்டை இழந்தவர், மிகுதி வந்தால் எனக்கு வேண்டும் என்று ஜூலை 1க்குள் சான்றுறுதிக் கையொப்பத்தோடு விண்ணப்பிக்கவேண்டும். அப்போது பெரும்பாலும் ஏலம்கூட நடந்திராது. எவ்வளவு வரும், வருமா என்றே தெரியாத பணத்துக்கு, வீடிழந்த குழப்பத்தின் நடுவே மூன்று மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். டெக்சாஸ் இதில் தாராளம்: எழுத்தர் மிகுதியைப் பற்றிப் பழைய உடையவருக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும், கேட்க இரண்டு ஆண்டு உண்டு. அதற்குள் கேட்காவிட்டால் அதுவும் வரி அமைப்புகளுக்குப் போகும். அறிவிப்பு எந்த முகவரிக்குப் போகும்? பெரும்பாலும், அவர் இழந்த அதே வீட்டுக்கு.

நூற்பயன்

இந்நூலைக் கற்றவர் செய்யவேண்டியவை சில. வீட்டுக் கடனை முடித்த மாதமே கவுண்டி வரி அலுவலகத்தில் தம் அஞ்சல் முகவரியைச் சரிபார்க்கவேண்டும். வயதான பெற்றோர் பெயரில் வீடு இருந்தால், ஜனவரியில் வரிச்சீட்டு வந்ததா, கட்டியாயிற்றா என்று பிள்ளைகள் கேட்கவேண்டும். கட்ட இயலாவிட்டால் ஜூலை 1க்கு முன்பே தவணையோ தள்ளிவைப்போ கேட்கவேண்டும். தபால்காரர் பதிவுத் தபால் கொண்டுவந்தால் அஞ்சாமல் கையெழுத்திட்டு வாங்கவேண்டும். வாங்காமல் விடுவதால் வழக்கு நிற்பதில்லை. வீடு போய்விட்டாலும் மிகுதியைக் கேட்டு மனுப் போடவேண்டும்.

சட்டம் இயற்றுவோர் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, ஏலத்துக்கு முன் ஓர் அலுவலர் அந்த வீட்டுக்கு நேரில் சென்று கதவைத் தட்டி, தவணையும் தள்ளிவைப்பும் உண்டு என்று வாயால் சொல்லவேண்டும். இரண்டாவது, குடியிருக்கும் வீட்டுக்கு விற்குமுன் நீண்ட மீட்புக் காலம் வேண்டும். விற்றபின் மீட்கும்போது கூடுதல் தொகை நாள் கணக்கில் ஏறவேண்டும், முதல் நாளே 25 சதவீதமாக விழக்கூடாது. மூன்றாவது, மிகுதியைக் கேட்காமலேயே கொடுக்கவேண்டும். பாக்கியை வசூலிக்க உடையவரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த கவுண்டிக்கு, அவர் பணத்தைக் கொடுக்கவும் தேடிப் பிடிக்க முடியும்.

இம்மூன்றுக்கும் செலவு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொத்து வரி நிற்பது மக்கள் மனமுவந்து ஆண்டுதோறும் கட்டுவதால். ஷெரிஃபின் ஏலத்தால் அன்று. இந்த அரசு தனக்குரியதை மட்டும் எடுக்கும், எனக்குரியதைத் தேடிவந்து கொடுக்கும் என்று ஊரார் நம்பினால், அந்த நம்பிக்கை வசூலிக்கும் வரி எந்தத் தண்டமும் வசூலிப்பதைவிடப் பெரிது.